ஹாம் நிலையத்தில் பவர் சப்ளை தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி ஆன்டெனாவைப் பற்றியது. மீதியில் முக்கால்வாசி பவர் சப்ளை, அதாவது வீட்டு மின்சாரத்தை ரேடியோவுக்கு வேண்டிய 13.8 வோல்ட் டி.சி.யாக மாற்றும் பெட்டி. "ரிக் கெட்டுப்போச்சு சார்" என்று துணிப்பையில் சுற்றி என் மேசைக்கு வந்த ரிக்குகளில், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ பெட்டிகளில், நிறைய ஒரு கோளாறும் இல்லாமலேயே திரும்பிப் போயிருக்கின்றன. கோளாறு வீட்டிலேயே, மேசைக்குப் பின்னால், தூசியில் கிடக்கும் அந்தச் சிவப்புக் கறுப்பு ஒயரில் இருந்திருக்கும். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

மைக்கை அழுத்திப் பேச ஆரம்பித்ததும் ரிக் அணைந்துவிடுகிறது. விட்டால் தானே எழுந்துகொள்கிறது. ரிக் போச்சா?

பெரும்பாலும் இல்லை. 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) ரிக் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 1 ஆம்பியரோ 2 ஆம்பியரோதான் இழுக்கும். பி.டி.டி.யை (மைக்கில் உள்ள பேசும் பொத்தானை) அழுத்திய நொடியில் அது 20 ஆம்பியருக்குத் தாவும். ஐகாம் ஐ.சி.7300 முழு சக்தியில் 21 ஆம்பியர் வரை கேட்கும். 1 ஆம்பியர் ஓடும்போது எந்த ஒயரும் நல்ல ஒயர்தான். 20 ஓடும்போதுதான் அதன் குணம் தெரியும். வழியில் எங்கோ வோல்ட் விழுகிறது. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்புக்கு மின்சாரம் போதாமல் ரிக் அணைகிறது. அணைந்ததும் சுமை போய்விடுவதால் வோல்ட் ஏறுகிறது, ரிக் மறுபடி எழுகிறது. தூக்கத்தில் விழித்து விழித்துப் படுக்கும் குழந்தை மாதிரி இதுவே சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். சக்தியை 10 வாட்டுக்கு இறக்கி அழுத்திப் பாருங்கள். நிற்கிறதா? 30, 50 என்று ஏற்றுங்கள். எந்த இடத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிச் சூடாக்கிவிடும் தடை) மாட்டி அதையே திரும்பச் செய்யுங்கள். டம்மி லோடிலும் அதே இடத்தில் அணைந்தால் இது வோல்ட் விழும் கதை. டம்மி லோடில் 100 வாட்டும் அலட்டாமல் ஓடுகிறது, ஆன்டெனாவில் மட்டும் அணைகிறது என்றால், பெரும்பாலும் ஆர்.எஃப். (நீங்கள் அனுப்பும் ரேடியோ அலை) சப்ளைக்குள் புகும் கதை. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன், டாண் என்று 13.8 காட்டுகிறது. அப்புறம் எப்படி வோல்ட் குறையும்?

எங்கே வைத்தீர்கள், எப்போது வைத்தீர்கள்? சப்ளையின் வாயில், சுமை இல்லாதபோது வைத்தால் 13.8 காட்டத்தான் செய்யும். காட்டாவிட்டால்தான் ஆச்சரியம். அளக்க வேண்டியது ரிக்கின் வாலில், அதாவது பின்புறப் பிளக்கில், அதுவும் பி.டி.டி. அழுத்தியிருக்கும்போது.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். சப்ளை நல்லது, ரிக் நல்லது, ஆனால் 100 வாட்டில் பேசினால் அணையும். 80 வாட்டில் அணையாமல் நின்றது, அதனால் 80இல் வைத்து டம்மி லோடில் அளந்தேன். சுமார் 18 ஆம்பியர். சப்ளையின் வாயில் 13.6. ரிக்கின் பின்புறப் பிளக்கில் 11.4. நடுவே 2.2 வோல்ட்டைக் காணோம்.

அது எங்கே போனது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மல்டிமீட்டரை டி.சி. 2 வோல்ட் அளவில் வையுங்கள். சிவப்பு முனையைச் சப்ளையின் பாசிட்டிவ் திருகில் வையுங்கள். கறுப்பு முனையை, வழக்கம்போல நெகட்டிவில் அல்ல, அதே பாசிட்டிவ் ஒயரில் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பி.டி.டி. அழுத்தாதபோது கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அழுத்தினால் அந்த இரண்டு புள்ளிக்கும் இடையில் தொலைகிற வோல்ட் அப்படியே தெரியும். கறுப்பு முனையை ஃபியூஸுக்கு முன்னால், ஃபியூஸுக்குப் பின்னால், பிளக்குக்கு முன்னால், பின்னால் என்று நகர்த்திக்கொண்டே போனால், எங்கே எண் குதிக்கிறதோ அங்கே திருடன். அப்புறம் நெகட்டிவ் ஒயரிலும் இதே நடை. நெகட்டிவை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அதிலும் அதே 18 ஆம்பியர்தான் ஓடுகிறது.

என் கணக்கு இப்படி வந்தது: போக வர மூன்று மூன்று மீட்டர் ஒயரில் 0.9, பிளக் பின்களில் 0.4, ஃபியூஸ் ஹோல்டரில் மட்டும் 0.9. ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் 0.9 வோல்ட், 18 ஆம்பியர் என்றால் 16 வாட் சூடு. சிறிய சால்டரிங் அயர்னை டப்பாவுக்குள் சொருகி வைத்த மாதிரி. திறந்து பார்த்தால் ஸ்பிரிங் நிறம் மாறி, தன் விறைப்பை இழந்து தொளதொளவென்று கிடந்தது. ஃபியூஸ் மட்டும் புதுசு போலப் பளபளத்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எஸ்.எஸ்.பி. என்ற குரல் முறையில் பேசிக்கொண்டே இதை அளக்காதீர்கள். குரலுக்கு ஏற்ப எண் ஆடும், மல்டிமீட்டர் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. எஃப்.எம். அல்லது ஆர்.டி.டி.ஒய். (எழுத்து அனுப்பும்) முறையில், அல்லது மோர்ஸ் சாவியை அழுத்திப் பிடித்து, நிலையான சுமையில் அளக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நொடி போதும், டம்மி லோடும் சூடாகும் பாருங்கள்.

எத்தனை எம்.எம். ஒயர் போட வேண்டும்?

மூன்று மீட்டர் தூரத்துக்கு, 20 ஆம்பியரில், போக வரச் சேர்த்து: 2.5 சதுர மி.மீ. ஒயரில் சுமார் 0.95 வோல்ட் விழும், 4இல் 0.6, 6இல் 0.4. நான் 6 போடுவேன். அதைவிட முக்கியம், சப்ளையை ரிக்குக்குப் பக்கத்தில் நகர்த்தி ஒயரைப் பாதியாக வெட்டுவது. காசும் மிச்சம். கடையில் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

அது ஏன் 12 இல்லாமல் 13.8?

இந்த ரிக்குகள் காருக்காகப் பிறந்தவை. கார் பேட்டரி முழுதாக இருந்தால் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்கும். பல ரிக்குகளின் கையேட்டில் 13.8 வோல்ட், கூடக் குறைய 15 சதவீதம் என்று இருக்கும். அதாவது 11.7இலிருந்து 15.8 வரை. 12 வோல்ட் சப்ளை ஒன்றை மாட்டினால் ரிக்கின் விளக்கு எரியும், மற்றவர்கள் பேசுவதும் கேட்கும். ஆனால் ஒயரில் விழுவதற்கு உங்களிடம் மிச்சம் இருப்பது 0.3 வோல்ட்தான்.

பேசும்போது பிரச்சினை இல்லை. எஃப்.டி.8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) போட்டால் கால் மணி நேரத்தில் சப்ளை அணைகிறது. ஏன்?

பேச்சு என்பது இடைவெளிகளால் ஆனது. உச்சத்தில் 20 ஆம்பியர் இழுத்தாலும் சராசரி அதில் பாதிகூட இருக்காது. எஃப்.டி.8இல் 15 நொடி முறை ஒன்றில் 12.64 நொடிக்கு முழு சக்தி இடைவிடாமல் போகும். சப்ளையின் முகப்பில் எழுதியிருக்கும் 30 ஆம்பியர் பல சமயம் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது 25 என்று உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதுவும் காற்றாடி ஓடினால். சித்திரை மாதத்து மதியத்தில், அலமாரிக்குள், சுவரோடு ஒட்டிவைத்த சப்ளைக்கு அந்த 25ம் கிடையாது.

காற்றாடியைப் பாருங்கள், தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள், பின்னால் ஒரு கை அகலம் இடம் விடுங்கள். சக்தியை 30 வாட்டுக்கு இறக்குங்கள். எஃப்.டி.8க்கு 100 வாட் எதற்கு?

காலையில் நன்றாக இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் என் குரலில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் இருப்பதாக எதிர்முனையில் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு ஒரு சந்தோஷம், ஏனென்றால் விடை கேள்வியிலேயே இருக்கிறது. ஏழு மணிக்கு ஊரே விளக்குப் போட்டு, மோட்டார் போட்டு, மிக்ஸி போட்டு, லைனில் லோ வோல்டேஜ். உங்களிடம் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய லீனியர் சப்ளை. சரிதானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 230 வோல்ட்டில் உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 18 வோல்ட் ஏ.சி. தருகிறது என்று வையுங்கள். அலையின் உச்சம் 25.4. பிரிட்ஜ் டயோடுகள் 2 வோல்ட்டைச் சாப்பிட்டால் 23.4. பெரிய கண்டென்சர் ஒவ்வொரு அலைக்கும் இடையில் வற்றுவதால் 20 ஆம்பியரில் இன்னும் மூன்றரை வோல்ட் இறங்கும். ஆக அடிமட்டம் சுமார் 20. ரெகுலேட்டருக்கு 13.8 கொடுக்கத் தன் பங்காக இரண்டு மூன்று வோல்ட் கூடுதலாக வேண்டும், 20 தாராளம். இப்போது லைன் 180க்கு வந்தால்? உச்சம் 19.9, டயோடுக்குப் பின் 17.9, அடிமட்டம் 14.4. ரெகுலேட்டர் மூச்சுத் திணறும். ஒவ்வொரு அலையின் பள்ளத்திலும் வெளியீடு ஒரு கணம் சறுக்கி எழும். அந்தச் சறுக்கல் நொடிக்கு 100 முறை. எதிர்முனையில் கேட்பது அந்த 100 ஹெர்ட்ஸ்தான்.

லைனில் 180 இருக்கும்போது ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகும். லைன் 230 இருந்தும் இரைச்சல் வந்தால் கண்டென்சர் வயதாகிவிட்டது. 47,000 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தாலும் இருபது வருடத்தில் உள்ளே காய்ந்து பாதிக்கும் கீழே போயிருக்கும். மண்டை உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்; உப்பாமலும் கெடும்.

எஸ்.எம்.பி.எஸ். வகை (பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், வேகமாகச் சுவிட்ச் செய்து மாற்றும்) சப்ளைக்கு இந்த லோ வோல்டேஜ் நோய் அவ்வளவாக வராது. அதற்கு வேறு நோய்.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ரிக் ஓட மறுக்கிறது. டி.வி. ஓடுகிறதே?

பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா? நல்ல கரண்டில் 230 என்பது சராசரி மாதிரியான ஓர் எண்; அலையின் உச்சம் 325 வோல்ட் வரை போகும். உங்கள் கண்டென்சர் நிறைவது அந்த உச்சத்தில்தான். ஸ்கொயர் வேவில் உச்சமும் 230 பக்கத்திலேயே தட்டையாக நின்றுவிடும். மல்டிமீட்டர் ஏறக்குறைய 230 என்று சாதிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சப்ளைக்கோ கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்த கரண்ட் வந்த மாதிரி. மேலே சொன்ன அதே 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இப்போது டயோடுக்குப் பின் 16தான் தரும். போதாது. சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொரு யோசனை பலருக்கும் வரும்: இன்வெர்ட்டருக்குக் கீழே இருக்கும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியிலிருந்தே ரிக்குக்கு நேராக எடுத்தால் என்ன? எடுக்கலாம், பிரமாதமாக ஓடும். ஆனால் இன்வெர்ட்டரின் கம்பிகளை பேட்டரியிலிருந்து கழற்றிவிட்டுத்தான். சில மலிவான இன்வெர்ட்டர்களில் பேட்டரிப் பக்கத்துக்கும் மெயினுக்கும் இடையில் முழுமையான பிரிவு இருக்காது. உங்களுடையது எந்த வகை என்று உறுதியாகத் தெரியாமல் அதில் மைக்கைப் பிடிக்க வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கியதிலிருந்து 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒவ்வொரு 60 கிலோஹெர்ட்ஸுக்கும் ஒரு இரைச்சல் மேடு தெரிகிறது. சப்ளைதானா?

அநேகமாக. சப்ளைக்குள் இருக்கும் சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. அதன் மடங்குகள் அலைவரிசை முழுக்கச் சீப்புப் பல் மாதிரி நிற்கும். பி.டி.டி. அழுத்தி விட்டாலோ சுமை மாறினாலோ அந்தப் பற்கள் கொஞ்சம் இடம் நகரும். அதுதான் அடையாளம்.

உறுதி செய்ய ரிக்கை ஒரு பேட்டரியில் ஓட்டுங்கள். சப்ளையை சுவிட்சில் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். மேடு போய்விட்டால் குற்றவாளி அகப்பட்டான். போகவில்லையென்றால் பேட்டரியில் ரிக்கை விட்டுவிட்டு, வீட்டு மெயின் பெட்டியில் எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக இறக்குங்கள். என் வீட்டில் ஒரு மாதம் சப்ளையைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பூஜையறை எல்.இ.டி. விளக்கு. மெயினையே இறக்கியும் இரைச்சல் போகாவிட்டால் அது பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டராகவோ தெரு விளக்காகவோ இருக்கலாம். அதற்கு நயமான பேச்சு வேண்டும், சால்டரிங் அயர்ன் உதவாது.

சப்ளைதான் என்றால், ஃபெரைட் வளையத்தில் டி.சி. ஒயர் இரண்டையும் சேர்த்துச் சுற்றுங்கள், மெயின் ஒயரையும் தனி வளையத்தில் சுற்றுங்கள். எச்.எஃப்.க்கு 31 எண் ரகம் நல்லது. ஒயரை ஒருமுறை மட்டும் நுழைத்து கிளிப் மாட்டிவிட்டு "பலனில்லை" என்று சொல்பவர்கள் அதிகம். தடை சுற்றின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும்: ஐந்து சுற்று சுற்றினால் ஒரு சுற்றைப் போல 25 மடங்கு. சில சப்ளைகளில் இரைச்சலை நகர்த்தவென்றே ஒரு குமிழ் இருக்கும். அது இரைச்சலைக் குறைக்காது, நீங்கள் கேட்கும் இடத்திலிருந்து தள்ளிவைக்கும். அதுவும் போதும்.

டம்மி லோடில் சரி, ஆன்டெனாவில் மட்டும் சப்ளை அணைகிறது. வோல்ட் முள் ஆடுகிறது.

நீங்கள் அனுப்பும் அலையே கோயாக்ஸின் (ஆன்டெனா கேபிளின்) வெளி உறை வழியாகத் திரும்பி வந்து, டி.சி. ஒயரில் ஏறி, சப்ளையின் ரெகுலேட்டரைக் குழப்புகிறது. அது "வோல்ட் ஏறிவிட்டது" என்று நம்பி இறக்குகிறது, அல்லது பாதுகாப்புக்குப் போய்விடுகிறது. ஒரு பேண்டில் நடக்கும், இன்னொன்றில் நடக்காது. நீள ஒயர் ஒன்றை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, நுனியில் ஊட்டும் ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு இது வராவிட்டால்தான் அதிசயம்.

மருந்தை ஆன்டெனா பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கோயாக்ஸை ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று, அறைக்குள் நுழையும் இடத்தில். அப்புறம் டி.சி. ஒயரில். அப்புறம் சப்ளையின் வெளியீட்டுத் திருகுகளிலிருந்து பெட்டிக்கு, கால் நீளத்தைக் குட்டையாக வெட்டிய 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கண்டென்சர்கள். முதலில் இந்தக் கண்டென்சரை வைத்துவிட்டு மற்றதைச் செய்யாமல் விட்டால், நோய் மைக்குக்கும் கணினிக்கும் இடம் மாறும்.

வெளியீடு திடீரென்று 22 வோல்ட் ஆகிவிட்டது. ரிக்கும் போய்விட்டது. எப்படி?

இது வருத்தமான கேள்வி. லீனியர் சப்ளையில் 2என்3055 போன்ற டிரான்சிஸ்டர்கள் நாலைந்து இணையாக, மதகு மாதிரி நிற்கும். அதில் ஒன்று கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையில் ஷார்ட் ஆனால் மதகு உடைந்த ஏரி. உள்ளே இருக்கும் இருபது சொச்சம் வோல்ட் அப்படியே வெளியே. மைக்காவுக்கு அடியில் தடவிய பசை காய்ந்து, சூடு ஹீட் சிங்குக்குப் போகாமல் நிற்பது ஒரு காரணம். நாலில் மூன்று டிரான்சிஸ்டர்களின் எமிட்டர் ரெசிஸ்டர் திறந்துபோய், நாலாவது மட்டும் எல்லாச் சுமையையும் சுமந்து சாவது இன்னொன்று. சப்ளையை அணைத்து, கண்டென்சர் காலியானதும், ஒவ்வொன்றையும் கழற்றி ஓம் மீட்டரில் பாருங்கள். இணையாக இருக்கும்போது அளந்தால் ஒன்று செத்திருந்தாலும் நாலும் செத்த மாதிரியே காட்டும்.

இதிலிருந்து ரிக்கைக் காப்பாற்றத்தான் குரோபார் என்ற சுற்று. வெளியீடு 15 வோல்ட்டைத் தாண்டினால் எஸ்.சி.ஆர். என்ற மின்னணு சுவிட்ச் சட்டென்று இரண்டு முனையையும் ஷார்ட் செய்து ஃபியூஸை ஊதிவிடும். உங்கள் பழைய சப்ளையில் அது இல்லையென்றால் போடுங்கள். செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவு.

பழுது பார்த்த சப்ளையை நேராக ரிக்கில் மாட்டிச் சோதிக்காதீர்கள். காரின் எச்4 ஹெட்லைட் பல்பு இரண்டு வாங்குங்கள். ஓர் இழைக்குச் சுமார் 5 ஆம்பியர். இரண்டு பல்பின் நாலு இழையும் எரிந்தால் 20. ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுங்கள், ஏனென்றால் குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு இழுக்கும், எஸ்.எம்.பி.எஸ். பயந்து அணைந்துவிடும். அரை மணி நேரம் எரியவிட்டு, வோல்ட்டும் நிலையாக, ஹீட் சிங்கும் கை வைக்கும் சூட்டில் இருந்தால் அப்புறம் ரிக்.

மைக்கைத் தொட்டால் சுரீர் என்கிறது. பழகிவிட்டது.

பழகக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிக்க இரண்டு சின்னக் கண்டென்சர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குப் போகும். எர்த் இருந்தால் அந்தச் சிறு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி பாதி மெயினில், அதாவது 115 வோல்ட் பக்கத்தில் மிதக்கும். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, அதனால் சுரீர் என்பதோடு நிற்கிறது. ஆனால் நிஜமாகவே ஃபேஸ் பெட்டியில் கசிந்தால் முதல் கணத்தில் அதுவும் இதே மாதிரிதான் தெரியும்.

பிளக்கில் எர்த் பின் இருக்கிறதா, உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகியிருக்கிறீர்களா, சாக்கெட்டின் எர்த் ஓட்டை எதனுடனாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டு எரிகிறதா என்று பார்ப்பது எலக்ட்ரீஷியன் வழக்கம். அதை அவரையே செய்யச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் அணையும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் அது உடனே விழும்.

சப்ளையைப் போட்டதும் எம்.சி.பி. விழுகிறது, சில நாள் மட்டும்.

பெரிய டோராய்டு டிரான்ஸ்ஃபார்மர், அலையின் எந்தக் கணத்தில் சுவிட்ச் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து முதல் இழுப்பில் மிரட்டும். சி வகை எம்.சி.பி. தாங்கும், பி வகை விழும். சாஃப்ட் ஸ்டார்ட் (முதல் இழுப்பை மட்டுப்படுத்தும் சுற்று) வைத்தால் தீரும். தினமும், போட்டவுடன் விழுந்தால் அது வேறு: பிரிட்ஜ் டயோடு ஷார்ட்.

பாசிட்டிவ் நெகட்டிவ் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஃபியூஸ் போனது. புது ஃபியூஸும் போகிறது.

ரிக்கின் வாசலில் ஒரு காவல் டயோடு இருக்கும். தலைகீழாகக் கொடுத்தால் அது ஷார்ட் ஆகி ஃபியூஸை ஊதும். பல சமயம் தன் உயிரையும் விட்டுவிடும். ரிக்கின் டி.சி. வாயில் ஓம் மீட்டரை இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்றால் டயோடு போய்விட்டது. அது தியாகி, மற்றவை தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு. ஃபியூஸுக்குப் பதில் ஈயக் கம்பியோ சிகரெட் அட்டைத் தாளோ வைத்து "பார்ப்போம்" என்று போட்டவர்களின் ரிக்கில்தான் பலகையில் செம்புக் கோடே ஆவியாகியிருக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். மலிவாகக் கிடைக்கிறது. ஆகுமா?

சி.சி.டி.வி.க்கும் எல்.இ.டி. பட்டைக்கும் விற்கும் ஓட்டைத் தகரப் பெட்டிதானே? ஆகும், நிபந்தனையோடு. திருகுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிரீசெட் இருக்கும். அதைத் திருப்பினால் பல பெட்டிகள் 13.8க்கு அருகில் வரும். 360 வாட் என்பதால் 13.8இல் 26 ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. நான் 18ஐத் தாண்ட மாட்டேன். இரைச்சலுக்கு ஃபெரைட் கட்டாயம். அதைவிடக் கட்டாயம், மெயின் திருகுகளின் மேல் மூடி. 230 வோல்ட் திருகுகள் விரலுக்கு எட்டும் தூரத்தில் திறந்து கிடக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துத்தான் ஆக வேண்டும்.

பேட்டரியே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

பாதி உண்மை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொலைபேசி முடங்கியபோது, உலக ஹாம்களோடு தொடர்பு கொள்வதற்காக ஏற்கெனவே போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுதான் தீவுகளின் செய்தியை வெளியே கொண்டுவந்தது. அந்த மாதிரி நாளில் சுவரில் இருக்கும் பிளக்கை நம்ப முடியாது. ஒரு பேட்டரி இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் யூ.பி.எஸ்.ஸில் இருக்கும் 7 ஏ.எச். பேட்டரியை வைத்து 100 வாட் பேச நினைக்காதீர்கள். 7 ஏ.எச். என்பது 20 மணி நேரத்தில் மெதுவாகக் குடித்தால் கிடைப்பது. 20 ஆம்பியர் இழுத்தால் உள்தடையிலேயே அரை வோல்ட் விழும், முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியும் 12க்கு வந்துவிடும், ஒயர் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதில் 10, 20 வாட் பேசுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் இதற்கு நல்லது: பெரும்பாலான நேரம் 13 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். தீரும்போது மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று) அணைத்துவிடும். புதிதாக வாங்கியவர்கள் அதை ரிக் கோளாறு என்று நினைத்து எனக்கு போன் செய்வார்கள்.

சப்ளை சுத்தமாகச் செத்துவிட்டது. திறக்கலாமா?

எஸ்.எம்.பி.எஸ். என்றால் உள்ளே 320 வோல்ட் டி.சி. நிறைந்த கண்டென்சர் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். ஒரு 60 வாட் குண்டு பல்பின் இரு முனையை ஒயர் வழியாக அதன் இரு முனையில் வைத்தால் கண் சிமிட்டி அணையும், காலி. பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை. இது பழக்கமில்லையென்றால் திறக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

திறந்தவர்கள் முதலில் கண்ணால் பாருங்கள். ஒருமுறை நான் மூடியைக் கழற்றியபோது, ஃபியூஸுக்கும் பெட்டிக்கும் குறுக்கே ஒரு பல்லி, வாலும் தலையும் இரண்டு பக்கம் ஒட்டி, மொறுமொறுவென்று. சூடான இடம் தேடி வந்திருக்கிறது. ரிலேக்குள் எறும்புக் கூடு பார்த்திருக்கிறேன். காற்றாடி ஓட்டைகளுக்கு நைலான் கொசுவலைத் துண்டு ஒட்டினால் இரண்டும் வராது, மாதம் ஒருமுறை தூசி தட்டினால் போதும்.

பழுது பார்த்த பிறகு, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு வழியாக, அதாவது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்து, மெயின் கொடுங்கள். பல்பு மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட். பல்பு இருப்பதால் அரை ஆம்பியர்கூட ஓடாது, வேறெதுவும் எரியாது. சில எஸ்.எம்.பி.எஸ்.கள் பல்பு வழியாக விட்டு விட்டுத் துடிக்கும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மேசையில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

மல்டிமீட்டர், டம்மி லோடு, இரண்டு எச்4 பல்பு, அதே அளவு ஃபியூஸ் ஒரு டஜன், மேலே சொன்ன குண்டு பல்பு. சப்ளையின் மேல்மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தேதி போட்டு, 100 வாட் டம்மி லோடில் இரண்டு எண்: சப்ளையின் வாயில் எவ்வளவு, ரிக்கின் வாலில் எவ்வளவு. கடைசியாக எழுதியது 13.6, 13.2. அதற்கு முந்தைய வரியில் 12.7 இருந்தது. நெகட்டிவ் ஒயர் நுனியின் லக்கை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தேன், அவ்வளவுதான்.